கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க நினைக்கிறேன். பழைய வழக்கு தடையாகுமா?

கொங்குப் பகுதி மாநகராட்சி ஒன்றிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர். மழைநீர் வடிகாலுக்காகவும், வாரக்கணக்கில் வராத குடிநீருக்காகவும் பல ஆண்டுகளாக மனு எழுதி அலைந்தவர். “அடுத்த தேர்தலில் நீங்களே நில்லுங்கள்” என்று தெருக்காரர்கள் வற்புறுத்துகிறார்கள். அவருக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் தயக்கங்கள் பல. தண்ணீர் கேட்டு 2023-ல் நடந்த சாலை மறியலில் அவர்மீதும் வழக்குப் பதிவாகியிருக்கிறது. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். வீடு மாறிய பிறகும் வாக்காளர் பட்டியலில் பெயர் பழைய வார்டிலேயே இருக்கிறது. குடியிருக்கும் வீடு மாமியார் பெயரில். சொத்து வரி இரண்டு ஆண்டு பாக்கி. போதாக்குறைக்குக் கட்சிக்காரர் ஒருவர் வந்து, “மனு போடுங்கள், வாபஸ் நாளில் விலகிக்கொள்ளுங்கள், உங்கள் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லிப் போயிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: கொழுந்தனார் நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தில் பெயருக்குத் தானும் ஒரு பங்குதாரர், அந்த நிறுவனம் மாநகராட்சி வேலைகளும் எடுக்கிறது, “அதனால் ஒன்றும் இல்லையே?”

சகோதரி, நீங்கள் இரண்டு பக்கம் எழுதிப் பயந்திருக்கும் மறியல் வழக்கு உங்களைத் தடுக்காது. ஒரே வரியில் கடந்துபோன அந்தக் கூட்டாண்மைதான் உங்கள் வேட்புமனுவையே கவிழ்க்கக்கூடியது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

பெயருக்குப் பங்குதாரர் என்று சட்டத்தில் ஒருவர் இல்லை

இப்போது நடைமுறையில் இருப்பது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். 2023 ஏப்ரலில்தான் அது முழுமையாக அமலுக்கு வந்தது. எந்த மாநகராட்சி மன்றத்துக்குப் போட்டியிடுகிறீர்களோ, அதனுடன் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பது தகுதியிழப்புக்கான காரணங்களில் ஒன்று. ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும் மன்றத்தில் ஒப்பந்ததாரரே உட்காரக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். கையெழுத்துப் போட்டவர் கொழுந்தனார், லாபம் எதுவும் என் கைக்கு வரவில்லை என்ற பதில் இங்கே எடுபடாது. கூட்டாண்மை நிறுவனம் செய்யும் ஒப்பந்தம் அதன் எல்லாப் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தும். அரசுக்கு பீடி விநியோகித்த ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானபோது, அவர் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே இந்த மாதமே கூட்டாண்மைப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். மாநகராட்சி வேலை எதுவும் நடந்துகொண்டிருக்கிறதா, அல்லது வேலை முடிந்து பில் தொகை மட்டும் வர வேண்டியிருக்கிறதா என்று கொழுந்தனாரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. பிறகு விலகல் பத்திரம் எழுதி, நிறுவனம் பதிவானதாக இருந்தால் கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவாளருக்குத் தெரிவித்து, நாளிதழிலும் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்தும் ஜிஎஸ்டி பதிவிலிருந்தும் உங்கள் பெயரை நீக்க வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும், “விலகியது காகிதத்தில் மட்டும்தான்” என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும்.

வேட்புமனுப் போடுவதற்கு முந்தைய வாரம் விலகுவது மிகவும் மோசமான நேரம். ஏற்கெனவே நிறுவனம் எடுத்த வேலையில் உங்கள் பொறுப்பு விலகலோடு தானாக முடிந்துவிடாது. வேட்புமனுவுக்கு முன்பே அந்த வேலை முடிய அவகாசம் இருக்கும்படி, இப்போதே விலகுங்கள். பத்திரத்தின் நகலை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் காட்டிக் கருத்துக் கேளுங்கள். பத்திரத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்வது சரியல்ல. குடும்பத்தில் இதைப் பேசுவது சங்கடம்தான். ஆனால் வென்ற பிறகு, முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் தேர்தல் மனுவில் இந்த விஷயம் வெளிவந்தால், பதவியோடு கொழுந்தனாரின் ஒப்பந்தமும் சந்திக்கு வரும். அதை அவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்.

மறியல் வழக்கு: மறைத்தால்தான் ஆபத்து

வழக்கு நிலுவையில் இருப்பது தகுதியிழப்பு அல்ல. குற்றவாளி என்று தீர்ப்பாகித் தண்டனை விதிக்கப்பட்டால்தான் அந்தக் கேள்வியே எழும். அப்போதும் எந்தக் குற்றம், எத்தனை ஆண்டுத் தண்டனை என்பதைப் பொறுத்தது. 2023-ல் நடந்த மறியல் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள்தான் இருக்கும். சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143, வழிமறித்ததற்கு 341, அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கு 188 என்பவை இத்தகைய வழக்குகளில் வழக்கமாகப் போடப்படுபவை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

“வழக்கு இன்னும் கோர்ட்டுக்கே வரவில்லை, அதனால் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழி ஆவணத்தில் எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆலோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் நாடு முழுவதும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு உங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு வழக்கில்தான் வந்தது. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தலில் 2006-ல் வென்றவர், தன்மீதான வழக்குகளில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றவற்றை விட்டுவிட்டார். குற்றப் பின்னணியை மறைப்பது வாக்காளர்மீது முறையற்ற செல்வாக்குச் செலுத்துவதாகும் என்று சொல்லி, தேர்தல் செல்லாது என்பதை 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்ணீருக்காகச் சாலையில் உட்கார்ந்தது உங்கள் வார்டில் யாருக்கும் குறையாகத் தெரியப்போவதில்லை. அதை மறைத்தது தெரிந்தால், அது குறையாகிவிடும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையத்திலோ தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலோ எடுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். சம்மன் வரவில்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகாது. உங்களுக்குத் தெரியாமலே எண் விழுந்திருக்கலாம். குற்ற எண், காவல் நிலையம், பிரிவுகள், நீதிமன்றம், தற்போதைய நிலை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் ஆவணம் நிரப்பும் நாளில் தடுமாற வேண்டாம்.

வார்டு, வரி, கணவர்

வார்டு பற்றிய பயம் தேவையற்றது. உங்கள் பெயர் அந்த மாநகராட்சியின் ஏதாவது ஒரு வார்டு வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும்; வேறு வார்டிலும் போட்டியிடலாம். உங்களை முன்மொழிபவர்தான் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஆனாலும் பெயரைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாக்கே உங்களுக்கு விழாது. இடமாற்றத்துக்குப் படிவம் 8. சட்டமன்றப் பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டதால், உங்கள் பெயரும் முன்மொழிபவர் பெயரும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வார்டு பட்டியல் வெளியானதும் மறுபடியும் பாருங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரு வார்டுகளில் விழுவது சாதாரணம்.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில்தான் நிற்க முடியும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. பாதி இடங்கள் பெண்களுக்கு என்பது குறைந்தபட்ச உறுதி. பொது வார்டிலும் நீங்கள் நிற்கலாம். ஆனால் உங்கள் வார்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டால், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இல்லாத வரை அங்கே வழியில்லை. அரசிதழ் அறிவிக்கை வரும்வரை உங்கள் வார்டு எந்தப் பிரிவு என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான். பக்கத்து வார்டிலும் நாலு பேரை அறிந்துவைத்திருப்பது நல்லது.

வரிபாக்கி மாமியாருடையது; சட்டப்படி உங்கள் பாக்கி அல்ல. இருந்தும் சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்குப் பாக்கி வைத்த வேட்பாளர் என்ற ஆட்சேபத்தைப் பரிசீலனை மேசையில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட ரசீதை நீட்டுவது எளிது.

மனைவி தேர்தலில் நிற்பதற்குக் கணவரின் அரசு வேலை தடையல்ல. அவர் வாக்களிக்கலாம். ஆனால் 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி உங்களுக்காக அவர் வாக்குக் கேட்கக் கூடாது. உங்கள் பூத் ஏஜெண்டாக உட்காரக் கூடாது. அவர் வண்டியில் உங்கள் சின்னம் ஒட்டியிருக்கக் கூடாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நோட்டீஸை அவர் அனுப்பினால், அதுவே துறை நடவடிக்கைக்குப் போதும். ஆசிரியர் என்பதால் தேர்தல் பணி ஆணை வரக்கூடும். மனைவி வேட்பாளர் என்பதை அவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வீட்டில் இதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். தேர்தல் சூட்டில் யாரும் கவனமாக இருப்பதில்லை.

வேட்புமனு எங்கே தள்ளுபடியாகிறது

சுயேச்சைகள் பலர் வாக்குப்பதிவுக்கு முன்பே, பரிசீலனை நாளிலேயே தோற்றுவிடுகிறார்கள். கட்சி வேட்பாளருக்கு மனு எழுதத் தனி ஆள் இருக்கிறார், உங்களுக்கு நீங்கள்தான். மனு தவறாகத் தள்ளுபடியானால் உடனே உயர் நீதிமன்றம் போகலாம் என்பது பரவலான நம்பிக்கை. நாமக்கல் தொகுதியில் மனு தள்ளுபடியான ஒருவர் தொடுத்த வழக்கில், தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகத்தான் அதைக் கேட்க முடியும் என்று 1952-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே தடையை அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்ஜி பிரிவு விதிக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்தத் தேர்தல் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். பொருந்தாத இடத்தில் “இல்லை” என்று எழுதுங்கள். காலியான கட்டங்களைச் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவரின் சம்பளக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, உங்கள் நகை, நகைக்கடன், எல்ஐசி பாலிசி எல்லாம் வர வேண்டும். அந்தக் கூட்டாண்மையில் உங்கள் மூலதனம் ஏதாவது பாக்கி இருந்தால் அதுவும்.

முன்மொழிபவரைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது உங்களுக்கு நினைவிருக்கும். முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே அல்ல என்று சொன்னதாகக் காரணம் கூறப்பட்டது. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு முன்மொழிபவர்தான்; ஆனால் மிரட்டலுக்கும் பணத்துக்கும் அசையாதவராக இருக்க வேண்டும். மாநகராட்சியில் ஒப்பந்த வேலை பார்ப்பவர், கடை உரிமம் புதுப்பிக்கக் காத்திருப்பவர் போன்றவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். அவருடைய பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வார்டு பட்டியலில் உள்ளபடியே மனுவில் இருக்க வேண்டும். அவர் உங்களுடன் பரிசீலனைக்கு வரட்டும். இன்னொருவரையும் தயாராக வையுங்கள்.

2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது போய்விடும். அடுத்த தேர்தலுக்கான தொகையை அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் மனுப் போடாதீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போட்டால், குறை இருந்தால் திருத்த நேரம் கிடைக்கும்.

சின்னம் கையில் கிடைத்தபின் பத்தே நாள்

குடம் சின்னம்தான் வேண்டும் என்று இப்போதே நோட்டீஸ் வடிவமைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சடிக்க வேண்டாம். ஆணையத்தின் பட்டியலில் உள்ள தனிச் சின்னங்களிலிருந்து நீங்கள் கேட்கலாம்; ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். வாபஸ் நேரம் முடிந்த பிறகே ஒதுக்குவார்கள். 2022-ல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத் தாக்கல், 5-ஆம் தேதி பரிசீலனை, 7-ஆம் தேதி வாபஸும் சின்னமும், 17-ஆம் தேதி மாலை பிரச்சாரம் முடிவு, 19-ல் வாக்குப்பதிவு. உதயசூரியனையும் இரட்டை இலையையும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் சின்னத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்க்க உங்களுக்குப் பத்து நாள்தான் இருக்கும்.

ஆகவே சின்னம் தேவைப்படாத வேலையை இப்போதே செய்யுங்கள். வார்டு பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, இறந்தவர், வீடு மாறியவர், வெளியூரில் இருப்பவர் யாரென்று குறியுங்கள். சாவடிக்கு இருவர் வீதம் பூத் ஏஜெண்டுகளைப் பேசி வையுங்கள், ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் இருக்க வேண்டும். உங்கள் ஏஜெண்டு விடியற்காலையிலேயே போய் மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் எண்ணையும் முத்திரையின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவில், பதிவான வாக்குகளின் கணக்குத் தாளை வாங்காமல் வெளியே வரக் கூடாது. ஆள் இல்லாத சாவடியில் என்ன நடந்தது என்று பிறகு யாராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

செலவு வரம்பு 2022-ல் சென்னை மாநகராட்சிக்கு 90,000 ரூபாய், மற்ற மாநகராட்சிகளுக்கு 85,000. ஆட்டோ வாடகை, மைக், நோட்டீஸ், ஏஜெண்டுகளின் சாப்பாடு எல்லாம் இதற்குள். நலச்சங்கப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். அது எல்லாக் கட்சிக்காரர்களும் கட்டிய சந்தா. மனுப் போடும் முன் செயலாளர் பொறுப்பை எழுத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஆர்வத்தில் தெருப் பையன்கள் சொந்தக் காசில் போஸ்டர் அடித்தால், உங்கள் எழுத்து அனுமதி இல்லாத அந்தச் செலவு அவர்கள்மீதே குற்றமாகும். நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அவர்களிடம் அன்பாக முன்பே சொல்லிவையுங்கள்.

வாபஸ் பேரம்

செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வந்தவருக்கு உங்கள் பதில் ‘இல்லை’ என்பதாகவே இருக்கட்டும். போட்டியிடுவதற்கோ விலகுவதற்கோ பணம் கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம். நியாய சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. இதில் வாங்கியவரும் குற்றவாளி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மறுபடி வந்தால் வீட்டுக்குள் தனியாகப் பேசாதீர்கள். சங்க நிர்வாகிகள் இருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே விலக நினைத்தால் அது உங்கள் உரிமை. அதற்கான அறிவிப்பை உரிய நேரத்துக்குள் கொடுங்கள். யாரிடமும் முன்கூட்டியே கையெழுத்திட்ட தாளைக் கொடுத்துவைக்காதீர்கள்.

கடைசியாக, வென்றால் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 2023 ஜூலை முதல் 10,000 ரூபாய். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. மன்றத்தில் கேள்வி எழுப்பலாம், தீர்மானத்தில் வாக்களிக்கலாம், வார்டு குழுவுக்குத் தலைமை ஏற்கலாம். வடிகால் பிரச்சினையை இந்த வழியில் நகர்த்த முடியும். தண்ணீரின் மூல ஆதாரம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில் இருந்தால், உங்கள் பங்கு விநியோக முறையைச் சீராக்குவதோடு நிற்கும். முடியாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

நிற்பதா வேண்டாமா என்று இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் சரியாக அப்போதே வரும் என்றும் சொல்ல முடியாது. 2016-ல் முடிந்த மன்றங்களுக்கு 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. இதற்கிடையில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களுக்குப் போய், வடிகால் பிரச்சினையைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நின்று தோற்றாலும் முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். தோற்றவர்கள்தான் இதை மறக்கிறார்கள். மறந்தால் மூன்று ஆண்டுகளுக்குப் போட்டியிட முடியாமல் ஆணையம் தகுதிநீக்கம் செய்யும். கூட்டாண்மைப் பத்திரத்தின் நகலும் முதல் தகவல் அறிக்கையும் கிடைத்ததும், பெயர்களை மறைத்து அனுப்பிவையுங்கள். விலகல் பத்திரத்தில் என்னென்ன வாசகங்கள் வேண்டும் என்று எழுதுகிறேன்.